ஜீப்பைக் கட்டி இழுக்கப் போறீங்களா? டோ பார் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் சாலை. அகஸ்தியம்பள்ளி பக்கம் வந்ததும் உப்பளங்கள் கண்ணுக்கு எட்டிய வரை விரிகின்றன. வார விடுமுறைக்கு இரண்டு வண்டிகளில் வந்த நண்பர்களில் ஒருவருக்கு ஆசை வந்துவிடுகிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டிதானே என்று வரப்பு ஓரமாக இறக்குகிறார். மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும் மண், உள்ளே கூழாக இருக்கிறது. ஐம்பது அடி போவதற்குள் வண்டி அச்சு வரை புதைந்துவிடுகிறது.

பக்கத்தில் இருந்த டிராக்டர்காரர் வந்து வெளியே இழுத்துப் போடுகிறார். ஆனால் உப்புத்தண்ணீர் உள்ளே போன வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. "விடு மாப்ள, என் கார்ல கட்டி தஞ்சாவூர் வரைக்கும் இழுத்துட்டுப் போயிடலாம். ஆன்லைன்ல டோ பார் கூட வருது, அடுத்த தடவைக்கு ஒண்ணு வாங்கி வச்சுக்கலாம்" என்கிறார் நண்பர்.

கேட்க நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த டோ பார் என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் உள்ளன. சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது? உங்கள் வண்டியின் கியர்பாக்ஸ் அதைத் தாங்குமா? எவ்வளவு தூரம் போக வேண்டும்? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கினால், இரும்புக் கம்பிக்குக் கொடுத்த காசோடு கியர்பாக்ஸும் போய்விடலாம். சில நேரம் உயிரும்.

ஃபிளாட் டோயிங் என்றால் என்ன?

ஒரு வண்டியின் நான்கு சக்கரங்களும் தரையில் உருள, இன்னொரு வண்டி அதை இழுத்துச் செல்வதுதான் ஃபிளாட் டோயிங். அமெரிக்காவில் இது சர்வசாதாரணம். வீடு போல வசதி உள்ள பெரிய மோட்டார் ஹோம் வண்டிக்குப் பின்னால், ஓட்டுநர் இல்லாமலேயே ஒரு ஜீப் ராங்ளர் உருண்டு வரும். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஜீப்பைக் கழற்றிக்கொண்டு மலையேறப் போவார்கள். யூடியூபில் நம் இளைஞர்கள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

நம் ஊர் நிலைமை வேறு.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியச் சாலை விதிகளின்படி, ஒரு மோட்டார் வாகனம் இன்னொன்றை விருப்பம்போல இழுத்துச் செல்ல முடியாது. இயந்திரக் கோளாறால் நின்றுபோன வண்டி, முழுதாகப் பொருத்தி முடிக்கப்படாத வண்டி, பதிவு செய்யப்பட்ட டிரெய்லர், சைடு கார் ஆகியவற்றை மட்டுமே இழுக்கலாம். 1989-ம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலும், அதற்குப் பதிலாக வந்த 2017-ம் ஆண்டின் ஓட்டுநர் விதிமுறைகளிலும் இதன் அடிப்படை ஒன்றுதான்.

அதாவது, நல்ல நிலையில் ஓடும் ஜீப்பை டீசல் மிச்சம் பிடிக்கவோ, டயர் தேயாமல் இருக்கவோ அமெரிக்கா பாணியில் பின்னால் கட்டிக்கொண்டு போவதற்கு இங்கே இடமில்லை. பழுதான வண்டிக்கும் நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஸ்டியரிங் திருப்பும் சக்கரங்களைக் கிரேன் போன்ற கருவியால் தரையிலிருந்து உறுதியாகத் தூக்கியிருக்க வேண்டும்.

இரண்டு, முன் வண்டியின் பின்பக்கத்துக்கும் பின் வண்டியின் முன்பக்கத்துக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

மூன்று, கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். இழுக்கப்படும் வண்டியின் பின்னால் 'ஆன் டோ' என்ற ஆங்கில எழுத்துப் பலகையும் வேண்டும்.

நான்கு, வேகம். மணிக்குச் சுமார் 25 கி.மீ.தான் உச்சவரம்பு.

இந்த வேகத்தை வைத்தே தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி சுமார் 35 கி.மீ. எங்கும் நிற்காமல் போனாலே ஒன்றரை மணி நேரம் ஆகும். தஞ்சாவூர் 100 கி.மீ.க்கும் மேல். நான்கு மணி நேரத்தைத் தாண்டும். இன்ஜின் ஓடாத வண்டியில் ஒருவர் நான்கு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன் வண்டியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆக, நம் ஊரில் டோ பார் என்பது பழுதான வண்டியைப் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக உதவும் சாமான். தஞ்சாவூர் வரை போக அது ஏற்றதல்ல.

எல்லா ஃபோர் வீல் டிரைவையும் இழுக்கலாமா?

முடியாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

இன்ஜின் நின்றிருந்தாலும் சக்கரம் சுற்றினால், அதோடு இணைந்த ஷாஃப்டும் கியர்பாக்ஸின் ஒரு பகுதியும் சேர்ந்து சுற்றும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலைச் சுற்றி அனுப்பும் பம்ப், பொதுவாக இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். இன்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால், ஆயில் போகாத இடத்தில் இரும்பும் இரும்பும் உரசும். சில கிலோமீட்டரிலேயே சூடேறிச் சேதம் ஆரம்பித்துவிடலாம். மேனுவல் கியர்பாக்ஸிலும் நியூட்ரலில் நெடுந்தூரம் இழுத்தால் சில பேரிங்குகளுக்கு ஆயில் சரியாகத் தெறிக்காது.

இதற்கு வழி வைத்திருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது. சில வண்டிகளில் இதற்கென்று தனி லீவர் இருக்கும். அதில் டூ வீல், ஃபோர் வீல், ஃபோர் வீல் லோ ஆகியவற்றோடு நியூட்ரல் நிலையும் இருந்தால், சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்க முடியும். ராங்ளரை அமெரிக்கர்கள் அப்படி இழுத்துச் செல்வது இந்த நியூட்ரலின் தயவில்தான்.

நியூட்ரல் இருக்கிறது என்பதற்காக மட்டும் முடிவெடுக்க வேண்டாம். வண்டியோடு வந்த கையேட்டில் 'டோயிங்' பகுதியைத் திறந்து பாருங்கள். எந்த கியர், எந்த நிலை, எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கும். 'நான்கு சக்கரமும் தரையில் படக் கூடாது' என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் ஆல் வீல் டிரைவ் வண்டிகளுக்கும், மின்சார வண்டிகளுக்கும் பெரும்பாலும் இதுதான் பதில். மின்சார வண்டியில் சக்கரம் சுற்றினால் மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி மின்சாரம் உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: ரெக்கவரி வேன் வந்து முன் சக்கரங்களை மட்டும் தூக்கிக்கொண்டு போனாலும் பிரச்சினை தீராது. தார் போன்ற வண்டிகள் டூ வீல் நிலையில் பின் சக்கரத்தால் ஓடுபவை. பின் சக்கரம் தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் பக்கமும் சுற்றும். ஃபோர் வீல் நிலையிலேயே விட்டுவிட்டால் இன்னும் மோசம். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுப்பதற்குக் காரணம் இதுதான்.

கயிறா, ராடா, ஏ-ஃபிரேமா?

முதலில் ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேற்றிலிருந்து வெளியே எடுப்பது வேறு, சாலையில் இழுத்துச் செல்வது வேறு.

சேற்றில் புதைந்த வண்டியை எடுக்க, சற்றே இழுபடும் தன்மையுள்ள நைலான் ஸ்டிராப்போ ரெக்கவரி கயிறோதான் சரி. டோ பாரை அங்கே பயன்படுத்தவே கூடாது. வெடுக்கென்று விழும் இழுவையில் பார் வளையும், அல்லது மாட்டிய இடம் பிய்த்துக்கொண்டு வரும். அதேபோல, ரெக்கவரி ஸ்டிராப்பை டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டையில்) மாட்டக் கூடாது. அந்த உருண்டை முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து வரும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

சாலைக்கு வந்த பிறகு இருக்கும் வழிகள் மூன்று.

கயிறு: மலிவு. டிக்கியில் மடித்து வைக்கலாம். ஆனால் முன் வண்டி பிரேக் போட்டால், பின் வண்டியில் இருப்பவரும் அதே நேரத்தில் பிரேக் போட்டாக வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 7 மீட்டர் நகரும். 5 மீட்டர் இடைவெளியைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. அதிலும் இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். இன்னொரு ஆபத்து, இரண்டு தனித்தனி வண்டிகள் என்று நினைத்து நடுவில் பைக்கை விடுபவர்கள். மங்கலான வெளிச்சத்தில் கயிறு தெரியாது.

ஒற்றை ராடு: இரண்டு பக்கமும் கொக்கியோ பின்னோ உள்ள நேரான இரும்புக் கம்பி. இடைவெளி மாறாது. முன் வண்டி நின்றால் பின் வண்டி வந்து மோதாது. ஆனால் பின் வண்டியை ஒருவர் ஸ்டியரிங் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். நம் சட்டம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். பல கார்களில் இழுவைக் கண்ணி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கும். அப்போது பிரேக் போட்டால் ராடு பின் வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். மெதுவாகப் போவதே இதற்கு மருந்து.

ஏ-ஃபிரேம்: 'ஏ' என்ற ஆங்கில எழுத்து வடிவில் இருக்கும். இரண்டு கால்களும் இழுக்கப்படும் வண்டியின் சேஸிஸில் இரண்டு இடங்களில் பொருந்தும். முனை முன் வண்டியின் ஹிட்ச்சில் மாட்டும். முன் சக்கரங்கள் தாமாகவே இழுக்கும் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். மூன்றில் இதுதான் நிலையானது. ஆனால் விலை அதிகம், வண்டிக்கேற்ற பிராக்கெட் வேண்டும், ரிவர்ஸ் எடுக்கவே முடியாது. பின்னால் தள்ளினால் முன் சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுதாக ஒடிந்து, பாரும் பிராக்கெட்டும் வளைந்துவிடும். ஏ-ஃபிரேம் போட்டாலும் நம் விதிப்படி ஓட்டுநர் இருக்கையில் ஆள் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

உப்பளம், கடற்கரை என்று அடிக்கடி போகிறவர்களுக்கு ஒரு நல்ல ஸ்டிராப்பும் ஒரு தரமான ஒற்றை ராடும் போதும். பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு அடிக்கடி பட்டறைக்கு அலைபவர்களுக்கும், ஜீப் வேலையே தொழிலாகச் செய்பவர்களுக்கும் ஏ-ஃபிரேம் பயன்படும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எடை: பாரின் தாங்குதிறன், இழுக்கப்படும் வண்டியின் மொத்த எடைக்குக் குறையக் கூடாது. மொத்த எடை என்றால் ஆள், சாமான் எல்லாம் சேர்த்து ஆர்.சி.யில் உள்ள எடை. மாருதி ஜிம்னிக்கு இது 1,545 கிலோ. தார் காலியாகவே ஒன்றே முக்கால் டன்னை ஒட்டி வரும். கூர்க்கா 2 டன்னைத் தாண்டும். அடியில் ஒட்டியிருக்கும் சேற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பவுண்டா, கிலோவா: ஆன்லைனில் '5000' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அமெரிக்க மாடல் என்றால் அது பவுண்டு. கிலோவில் 2,268தான்.

எந்த எண்: 'அறுந்துபோகும் எடை' வேறு, 'வேலை செய்யும் எடை' வேறு. முதல் எண் பெரிதாக இருக்கும் என்பதால் விளம்பரத்தில் அதைத்தான் போடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண். அதுவும் பார், பின், ஷேக்கிள், ஹிட்ச் என்ற வரிசையில் எது பலவீனமோ, அதன் எண்தான் மொத்தத்தின் எண்.

உருண்டை அளவு: டோ பால் 50 மில்லிமீட்டரிலும் வரும், 2 அங்குலத்திலும் வரும். 2 அங்குலம் என்றால் 50.8 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். 2 அங்குல கப்ளரை 50 மி.மீ. உருண்டையில் மாட்டினால் மாட்டிக்கொள்ளும். பள்ளத்தில் குதிக்கும்போது கழன்றும்விடும். இரண்டிலும் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, ஒன்றாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

உயரம்: பார் மாட்டிய பிறகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். கார் தாழ்வாகவும் ஜீப் உயரமாகவும் இருந்தால் பிரேக் போடும்போது ஜீப் காரின் பின்பக்கத்தை அழுத்தும். மேலேயோ கீழேயோ 3 அங்குலத்துக்கு மேல் சாய்வு வேண்டாம். உயரத்தைச் சரிசெய்யும் ஹிட்ச் தனியாகக் கிடைக்கிறது.

மாட்டும் இடம்: சேஸிஸ் அல்லது கம்பெனி கொடுத்த இழுவைக் கண்ணி மட்டும்தான். அழகுக்காகப் போட்ட பம்பர் கார்டில் மாட்டுவது பெரிய தவறு. அந்த கார்டையே அனுமதிக்கக் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. டூல் கிட்டில் இருக்கும் திருகுக் கண்ணியைப் பயன்படுத்தினால் கடைசி மறை வரை இறுக்குங்கள். பல கார்களில் அது இடப்பக்கமாகத் திருகும் மறை.

"நம்ம லேத்துலயே அடிச்சுத் தர்றேன் தம்பி, பாதி விலைதான்" என்று யாராவது சொல்லலாம். வெல்டிங் கைத்திறனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கம்பி எத்தனை கிலோ தாங்கும் என்று சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். வெல்டிங்கின் பலம் அப்போதுதான் தெரியும்.

உப்புக் காற்று செய்யும் வேலை

வேதாரண்யம் மாதிரி ஊரில் இரும்புக்கு ஆயுசு குறைவு. கேட்டும் கிரில்லும் துருவேறுவது போலத்தான் டோ பாரும். ஆனால் கேட்டின் துரு கண்ணுக்குத் தெரியும். பின் போகும் ஓட்டைக்குள்ளும் போல்ட்டின் மறைக்குள்ளும் இருக்கும் துரு தெரியாது. துத்தநாகப் பூச்சுள்ள பாரைத் தேர்ந்தெடுங்கள். பயன்படுத்தியதும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, பின்னுக்கும் மூட்டுக்கும் கிரீஸ் தடவி வையுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைத்ததைப் போடாமல், தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த, அதே தர போல்ட்டையே போடுங்கள்.

கிளம்பும் முன்

இழுக்கும் வண்டி, இழுக்கப்படும் வண்டியைவிடக் கனமாக இருப்பது நல்லது. சின்ன காரில் தாரைக் கட்டினால், இறக்கத்தில் யார் யாரை இழுக்கிறார்கள் என்று தெரியாது. கையேட்டில் இழுக்கும் திறன் குறிப்பிடாத கார் என்றால் முயலவே வேண்டாம்.

பாரோடு சேர்த்து இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். திருப்பத்துக்குத் தேவையான தளர்ச்சி இருக்கட்டும், தரையில் உரசக் கூடாது. ஸ்டியரிங் பூட்டு விழாதபடி சாவி திறந்த நிலையில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டீர்களா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். பின் வண்டியில் ஓட்டுபவர் மட்டும் இருந்தால் போதும், குழந்தைகள் வேண்டவே வேண்டாம். கையசைவு சிக்னல்களை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முதல் ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, பின், போல்ட், சங்கிலி எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். இருட்டிவிட்டால் காலை வரை காத்திருங்கள்.

இன்சூரன்ஸ் விஷயமும் உண்டு. சரக்கு வாகனங்களுக்கான வழக்கமான பேக்கேஜ் பாலிசி, கூலி வாங்காமல் ஒரு பழுதான வண்டியை இழுக்க அனுமதிக்கிறது. ஆனால் இழுக்கப்படும் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அந்த பாலிசியில் பணம் கிடைக்காது. உதவிக்கு வந்தவர் தலையில் செலவு விழலாம். கார் பாலிசி வைத்திருப்பவர்கள் இதுபற்றித் தங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

எப்போது வேண்டவே வேண்டாம்?

பிரேக் அல்லது ஸ்டியரிங் பழுதான வண்டி, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்குக் கொண்டுவர முடியாத வண்டி, ஆல் வீல் டிரைவ், மின்சார வண்டி, 30, 40 கி.மீ.க்கு மேல் போக வேண்டிய பயணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை முழுதாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் ஃபிளாட்பெட் லாரிதான் வழி. பாலிசியோடு ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அந்த எண்ணை அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033.

உப்பளத்துக்கு வந்த அந்த நண்பர்களுக்கும் இதுதான் பதில். டிராக்டர் இழுத்துப் போட்டது சரி. உப்புத்தண்ணீர் போன இன்ஜினை மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, ராடு மாட்டி, ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, 25-க்குள் வேதாரண்யம் பட்டறை வரை கொண்டுவரலாம். பேட்டரியைக் கழற்றினால் பின்விளக்கும் ஹஸார்டும் எரியாது என்பதால் பகலில் மட்டும். அங்கிருந்து தஞ்சாவூருக்கு ஃபிளாட்பெட். அதற்கான வாடகை கசக்கத்தான் செய்யும். கியர்பாக்ஸ் மாற்றும் பில்லைப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு கசக்காது.